எங்கள் வீட்டு முள்கம்பி வேலி

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். "வேலியைப் பற்றி" என்றேன். சிரித்துவிட்டார்கள். ஒருவன் நிலவைப் பற்றி எழுதுகிறான். இன்னொருவன் தாயின் அன்பைப் பற்றி எழுதுகிறான். நீ மட்டும் ஏனடா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் குடும்பத்தில் கடந்த நான்கு ஆண்டுகளாகப் பேச்சு, சண்டை, கண்ணீர், கணக்கு அனைத்தும் அந்த வேலியைச் சுற்றியே நடந்தன. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் கற்ற விஞ்ஞானம் என் வீட்டுக்கு முதன்முதலில் பயன்பட்டதும் அந்த வேலியில்தான். ஆகவே பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கியும் இருப்பீர்கள். அந்தச் சேர்வராயன் மலையில் தலைச்சோலைப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம். தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டபோது, இருவருக்கும் கீழே சாலையும் வேண்டும், மேலே சோலை ஓரமும் வேண்டும் என்று நீளவாக்கில் கிழித்துவிட்டார்கள். ஆளுக்கு 90 அடி அகலம், 363 அடி நீளம். அதில் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடி, நாலைந்து பலா, புதிதாக வைத்த ஆரஞ்சுக் கன்றுகள். ஒரு பக்கம் பெரியப்பா தோட்டம். மறுபக்கம் ஊர் ஆடுமாடுகள் மேயும் புறம்போக்கு. அந்தப் புறம்போக்கில்தான் கோடையிலும் வற்றாத சுனை இருக்கிறது. பெரியப்பா வீட்டார் தண்ணீருக்குப் போவது எங்கள் நிலத்தின் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையில்தான். இந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்கு இருந்தது முள்வேலி. ஆண்டுக்கொரு முறை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து முள்வெட்டி, கவைக்கோலால் தள்ளி, அடைப்பார்கள். நுழைவிடத்தில் மூங்கில் படல். செலவு என்று எதுவும் இல்லை, உழைப்புத்தான். அடுத்த மழைக்குள் பாதி மக்கிப்போகும். ஆடு எந்த இடத்தில் மக்கியது என்பதை எங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும்.

கம்பி வேலி என்பது அப்போது எங்களுக்கு எஸ்டேட்டுக்காரர்களின் பொருள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்று வரலாறு சொல்கிறது. அதற்குப் பிறகு மலையில் பெரும் பகுதி தோட்டங்களாயிற்று. எங்கள் அப்பாயி அத்தகைய ஒரு தோட்டத்தில் பழம் பறித்தவர். வேலை முடிந்து வரும்போது கம்பிக்கு அந்தப்பக்கம் விழுந்து கிடக்கும் சுள்ளியைக் கை நீட்டி எடுத்ததற்குத் திட்டு வாங்கியதை, கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முள்கம்பியைக் கண்டால் அவர் முகம் சுருங்கிவிடும். அந்த அப்பாயி வாழ்ந்த வீட்டுக்கே முள்கம்பி வந்தது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே கோடையில் அறுபது ஆரஞ்சுக் கன்றுகளை ஆடுகள் மொட்டையடித்துவிட்டன. அந்தக் கன்றுகளை நம்பித்தான் என் மேற்படிப்பைப் பற்றி அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

நான் பதினோராம் வகுப்பு முடித்த கோடையில் மிளகு விற்ற பணத்தில் வேலி போட்டோம். நிலம் நான்கு பக்கமும் சுற்றி வர 906 அடி. இதே முக்கால் ஏக்கர் சதுரமாக இருந்திருந்தால் 723 அடியில் முடிந்திருக்கும். பாகப்பிரிவினையின் விலை 183 அடிக் கம்பி என்று இப்போது கணக்குப் போட்டுச் சிரிக்கிறேன். அன்று இதெல்லாம் தெரியாது. ஐந்து வரிசை ஓட்டினால் 4,530 அடி. அப்பா கையில் இருந்த பணத்துக்கு நல்ல கம்பி பாதிதான் வரும். சேலத்தில் ஒரு கடையில், "இதுவும் ஜி.ஐ. கம்பிதான், பளபளப்பைப் பாருங்கள்" என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். பளபளப்பாகத்தான் இருந்தது. கல்கால் வாங்கப் பணமில்லாமல், எங்கள் தோட்டத்திலேயே கவாத்து செய்த பச்சை சில்வர் ஓக் கழிகளை வெட்டி நட்டோம். நடுநடுவே நின்ற மரங்களிலும் ஆணியடித்துக் கம்பியைக் கட்டினோம். கட்டுவதற்குக் கம்பி போதாமல், வீட்டில் கிடந்த பழைய மின்சார ஒயரை உரித்து அதிலிருந்த செப்புக் கம்பியால் முடிச்சுப் போட்டார் அப்பா. "செம்பு துருப்பிடிக்காது கண்ணு" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு வேலி எத்தனை வகையில் கெடக்கூடுமோ அத்தனையையும் ஒரே வாரத்தில் செய்து முடித்தோம்.

அதிலும் பெரிய பிழை வேறு. சுற்றிலும் போட்டபோது பெரியப்பா வீட்டின் சுனைப் பாதையும் அடைபட்டுப் போயிற்று. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. கம்பி ஓட்டுகிற வேகத்தில், வேலி என்றால் நான்கு பக்கமும் என்ற எண்ணத்தில் ஓட்டிவிட்டோம். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு சாலை வழியாகச் சுற்றிப் போனார். அம்மா அதைப் பார்த்து, "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அப்பாவிடம் பலமுறை சொன்னார். அப்பா சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு நாள் போனால் மறுநாள் சொல்வது கடினம். ஒரு மாதம் போனால் சொல்லவே முடியாது.

இரண்டாவது மழைக்காலத்தில் கம்பி பழுப்பாயிற்று. முதலில் செப்பு முடிச்சு போட்ட இடங்களில். பிறகு தரையோடு உரசிய அடிவரிசையில். பிறகு எல்லா இடத்திலும். கழிகள் மண்மட்டத்தில் கறையான் அரித்துச் சாய்ந்தன. கம்பி தொய்ந்து தொங்கியது. நான் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் பெரியப்பாவின் செவலைப் பசு, தொய்ந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் புல்லுக்காக உடம்பை நுழைத்து, பின்வாங்க முடியாமல் திமிறி, மடியைக் கிழித்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் வந்து தையல் போட்டார். பசு பிழைத்தது, ஒரு காம்பில் பால் நின்றுபோயிற்று.

அன்று மாலை பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. "எஸ்டேட்டுக்காரன் வேலியில கூட என் மாடு கிழிபடலடா தம்பி" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

நான் அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பா சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். "வேலிய மொத்தமா பிடுங்கிப் போட்டுடலாமாடா?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் முறை. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இறுகக் கட்டிய வேலியில் மாடு முட்டிப் பார்த்து விலகிவிடும்; தொய்ந்த வேலியில்தான் தலையை விடும், சிக்கும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், எங்கள் வேலி நல்ல வேலி இல்லை என்பதே.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் மின்வேதியியல் பாடம் வந்தது. விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44, செம்பு பிளஸ் 0.34. தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற எண்கள்தாம். ஆனால் நான் அந்த மூன்றையும் பார்த்தபோது எங்கள் தோட்டத்து முடிச்சுதான் கண்முன் வந்தது. எண் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு எளிதில் அந்த உலோகம் கரையும். இரும்பின் மேல் துத்தநாகம் பூசுவது வெறும் வண்ணம் பூசுவதைப் போன்றதன்று. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், அருகிலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அந்தத் துத்தநாகம் உள்ளவரைதான் கம்பிக்கு ஆயுள். அதன் அருகே செம்பை வைத்துக் கட்டி, மேலே மழை நீரையும் விட்டால் ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடும். செம்பு சுகமாக இருக்கும், துத்தநாகம் விரைந்து கரையும், பிறகு இரும்பு. "செம்பு துருப்பிடிக்காது" என்று அப்பா சொன்னது உண்மைதான். அது மற்றதைத் துருப்பிடிக்க வைத்தது.

வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கம்பியில் ஒரு துண்டு கொண்டு வா" என்றார். துத்தநாகப் பூச்சைச் சோதிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. பிரீஸ் சோதனை என்று பெயர். காப்பர் சல்பேட்டுக் கரைசலில் கம்பியை ஒரு நிமிடம் முக்கி, எடுத்துக் கழுவித் துடைத்து, மீண்டும் முக்க வேண்டும். பூச்சு இருக்கும்வரை கறுப்பாகப் பொடி படியும், துடைத்தால் போய்விடும். பூச்சு தீர்ந்து இரும்பு வெளிப்பட்டுவிட்டால், அதன்மேல் செம்பு பளபளவென்று சிவப்பாக ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. எத்தனை முக்கலைத் தாங்குகிறதோ அதை வைத்துப் பூச்சின் கனத்தை மதிப்பிடலாம். வெட்டிய முனையில் இரும்பு தெரியுமாதலால் அங்கே மெழுகு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் பரண்மேல் பயன்படுத்தாமல் கிடந்த மிச்சச் சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டி எடுத்து வந்தேன். இன்னும் பளபளப்பாகவே இருந்தது. முதல் முக்கலிலேயே சிவந்துவிட்டது! பூச்சு என்று ஒரு மூச்சு அளவுதான் இருந்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட வேறொரு கம்பியை நண்பன் ஒருவன் வீட்டிலிருந்து வாங்கிச் சோதித்தோம். மூன்று முக்கலைத் தாங்கியது; நான்காவதில்தான் சிவந்தது. பார்வைக்கு இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து பெருமையோடு விவரித்தேன். மயில்துத்தக் கரைசல், இரும்பு, சிவப்பு என்று நான் சொல்லச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதைத்தானே நான் வருசா வருசம் கத்தியில பாக்குறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்! மிளகுக்கு வாடல் நோயும் காப்பிக்கு இலைத்துரு நோயும் வராமலிருக்க மழைக்கு முன் போர்டோ கலவை தெளிப்பது எங்கள் மலையில் வழக்கம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலவை சரியாக வந்ததா என்று பார்க்க, அப்பா தீட்டிய கத்தி ஒன்றைச் சிறிது நேரம் அதில் முக்கி எடுப்பார். கத்தி சிவந்தால் செம்பு இன்னும் கட்டுப்படவில்லை, இலையைக் கருக்கிவிடும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். சிவக்காவிட்டால் தெளிக்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கத்தியை வாங்கி வாங்கிப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பள்ளியில் படித்து, கல்லூரிக்கு வந்து, கண்ணாடிக் குவளையில் நான் புதிதாகக் கண்டதாக நினைத்த வினை, எழுதப் படிக்கத் தெரியாத என் தகப்பனாரின் கையில் என் கண்ணெதிரே ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. கத்தியில் பார்க்கத் தெரிந்தவருக்குக் கம்பியிலும் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கோ கத்தியைப் பார்த்தும் பாடம் புரியவில்லை. கலவை தெளிக்கும்போது கம்பியின் மேலும் தெறித்திருக்குமே, அதுவும் கெடுதல் செய்ததோ என்று அன்று இருவரும் வெகுநேரம் பேசினோம். நானும் அப்பாவும் அவ்வளவு நேரம் போனில் பேசியது அதற்கு முன் இல்லை.

அடுத்த மிளகுக்குப் பின், புதிய வேலி போடுவது என்று முடிவாயிற்று. பல பேர் பல யோசனை சொன்னார்கள். உறவினர் ஒருவர், செலவில்லாத வழி என்று, வீட்டுக் கரண்டை இரவில் கம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் மாண்டு, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்ற செய்தியை அவர் மறந்துவிட்டார் போலும். முறையான மின்வேலி என்பது பேட்டரியில் இயங்கும் கருவி, நொடிக்கொரு முறை கணநேரத் துடிப்பாக மட்டும் அனுப்புவது. அதற்கும் 2023-லிருந்து தமிழ்நாட்டில் பதிவும் ஒழுங்குமுறையும் உண்டு. வீட்டு மின்சாரமோ விடாமல் பிடித்துக்கொள்ளும். சுனைக்குப் போகிற பெரியம்மாவுக்கும் காட்டுப்பன்றிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

இன்னொருவர் செயின் லிங்க் எனப்படும் வலைக்கம்பியைச் சொன்னார். ஆட்டைத் தடுப்பதில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, மாட்டைக் கிழிக்காது. ஆனால் மலைச்சரிவில் அதைப் படிப்படியாக வெட்டி இறக்க வேண்டும். அடியில் உதிர்ந்த இலையும் அடித்து வந்த மண்ணும் தேங்கி, ஈரம் காயாமல், கீழ்ப்பகுதி முதலில் போகும். விலையும் எங்களுக்கு எட்டவில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சமதளத்துக்கு அது சரி. 363 அடிச் சரிவுக்கு முள்கம்பிதான்.

முள்கம்பியை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து விவசாயி கிளிடன் என்பவர் 1874-இல் பெற்ற காப்புரிமையின் வடிவம்தான் இன்றும் நம் கடைகளில் தொங்குகிறது. இரண்டு கம்பியை முறுக்கி, முள் நகர்ந்து போகாமல் அந்த முறுக்கிலேயே பிடிக்க வைத்ததுதான் அவர் செய்த தந்திரம்.

நானும் அப்பாவும் காகிதத்தில் நிலத்தை வரைந்து, ஒவ்வொரு பக்கமாக, இங்கே யாருக்கு எதிராக வேலி என்று கேட்டுப் பார்த்தோம். இதை நான்கு ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். மேல்பக்கம் சோலை, அங்கிருந்து வருவது காட்டெருமை. ஒரு டன் வரை எடையுள்ள பிராணி அது. முள்கம்பி அதற்கு நூலாம்படை. அறுத்துக்கொண்டும் வரும், அறுபட்டுக்கொண்டும் போகும். சட்டம் பாதுகாக்கும் விலங்கும்கூட. அது வழக்கமாக இறங்கும் தடத்தை விட்டுவிடுவதே நல்லது. அந்த 90 அடிக்குக் கம்பி வேண்டாம் என்றேன். பெரியப்பா பக்கத்து 363 அடி? அப்பா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்க கல்யாண முருங்கைப் போத்து நட்டுக்கலாம். மிளகும் ஏத்தலாம்" என்றார். மீதி, சாலைப் பக்கம் 90 அடியும் புறம்போக்குப் பக்கம் 363 அடியும்தான். மொத்தம் 453 அடி. முன்பு போட்டதில் சரிபாதி! ஐந்து வரிசைக்கு 2,265 அடி, அதாவது ஏறக்குறைய 690 மீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் கம்பி இரண்டு சேர்ந்தது, முள்ளோடு மீட்டருக்குச் சுமார் 90 கிராம் என்று அடர்த்தியை வைத்து நான் கணக்கிட்டேன், அறுபத்திரண்டு கிலோ. நல்ல கம்பியும் கல்காலும் எங்கள் கைக்கு எட்டியது இந்தக் கணக்கால்தான். என் விடுதிச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை.

கம்பி வாங்க அப்பா சேலத்துக்கு வந்தபோது, சட்டைப் பையில் ஒரு சிறு பாட்டிலில் மயில்துத்தக் கரைசல் கொண்டு வந்திருந்தார். இந்த முறை போனது வேறு கடை. "ஒரு சாண் வெட்டிக் குடுங்க, பாத்துட்டு வாங்கிக்கறோம்" என்றார். கடைக்காரர் வேடிக்கையாகப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தில் நிமிடம் பார்க்க, அப்பா முக்கினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் சுருள் இரண்டாவது முக்கலில் சிவந்தது. "வேற குடுங்க" என்றார். அடுத்தது மூன்று தாங்கியது. கடைக்காரர் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். கல்லூரியில் சேர்ந்த நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

சென்ற சித்திரையில் வேலை நடந்தது. பத்தடிக்கொரு கல்கால், ஒன்றரை அடி மண்ணுக்குள். மூலைக் கல்லுக்கு இருபுறமும் முட்டுக்கல் கொடுக்காவிட்டால், கம்பியை இறுக்கும்போது மூலையே உள்ளே சாய்ந்துவிடும். வேலியின் பலமெல்லாம் மூலையில்தான் இருக்கிறது. வரிசைகளைச் சம இடைவெளியில் ஓட்டவில்லை. ஆட்டுக்காகக் கீழே நெருக்கம், மேலே அகலம்: தரையிலிருந்து அரை அடி, ஒரு அடி, ஒன்றே முக்கால், இரண்டரை, மூன்றரை. சுருளை நடுவில் கழி கொடுத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்து பிரித்தோம். தரையில் போட்டு இழுத்தால் பூச்சு உரசிப் போகும். வெயில் உச்சியில் விண்ணென்று இறுக்கக் கூடாது என்பது நான் சொன்னது: நூறு மீட்டர் கம்பி 15 டிகிரி குளிர்ந்தால் 18 மில்லிமீட்டர் சுருங்கும், மார்கழி இரவில் எங்கள் மலையில் அது எங்காவது தெறிக்கும். மரத்தில் ஆணி அடிக்கவில்லை. முன்பு அடித்த ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியை விழுங்கி மூடிவிட்டிருந்தது. அதை வாங்க வந்த மரவியாபாரி, ரம்பம் போய்விடும் என்று அடிப்பகுதிக்கு விலையே தரவில்லை. முடிச்சுகளெல்லாம் பூச்சுள்ள கட்டுக்கம்பியால்தான் போட்டோம். செம்புக்கு இடமே இல்லை.

சுனைப் பாதை புறம்போக்கைத் தொடும் இடத்தில் கம்பி ஓட்டவில்லை. அங்கே கடவு விட்டோம். இரண்டு கல்லை ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக, ஆள் ஒருச்சாய்ந்து நுழையும் அளவுக்கு நட்டோம். குடம் இடுப்பில் இருந்தாலும் போகலாம், மாடு நுழையாது. ஆட்டுக்கு மட்டும் ஒரு சிறு படல்.

கல் நட்ட அன்று அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போய், "அண்ணா, கடவு அகலம் போதுமான்னு அண்ணிய வந்து பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பெரியம்மா வரவில்லை. பெரியப்பாதான் வந்தார். ஒன்றும் பேசாமல் கடவுக்குள் நுழைந்து பார்த்தார். திரும்ப நுழைந்தார். "இன்னும் நாலு விரல் வுடு. அவ ரெண்டு கொடம் எடுப்பா" என்றார். பிறகு கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கி அவரே குழியை அகலப்படுத்தினார். வைகாசியில் சேர்வராயன் திருவிழாவுக்கு இரண்டு வீடும் சேர்ந்தே மலையேறினோம்.

வேலி போட்டுவிட்டால் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பாதி வேலை அதன் பிறகுதான். மழை ஓய்ந்த ஒவ்வொரு வாரமும் அப்பா ஒருமுறை வேலியோரமாக நடக்கிறார். இடுப்பில் கட்டிங் பிளேயர், பையில் கட்டுக்கம்பி. கம்பியில் ஏறிய காட்டுக்கொடியை அறுக்கிறார். பார்க்க அழகாய்ப் பசுமையாக இருந்தாலும் கொடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூச்சைத் தின்னும். அடிவரிசையை மூடிய மண்ணையும் சருகையும் இழுத்துவிடுகிறார். கிளை விழுந்து தொய்ந்திருந்தால் உடனே இறுக்குகிறார். வெட்டுப்பட்ட முனைகளில் துத்தநாகப் பெயிண்ட் தொட்டு வைக்கிறார். போர்டோ கலவை தெளிக்கிற நாளில் வேலியோரம் உள்ள கொடிகளுக்கு எதிர்ப்பக்கம் நின்று தெளிக்கிறார். மிச்சச் சுருளைச் சாக்கில் சுற்றி வைக்காமல், காற்றோட்டமாகப் பரண்மேல் கட்டையில் வைக்கச் சொன்னது நான். ஈரத்தோடு கட்டிவைத்தால் புதுக்கம்பியும் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு மழைக்காலம் கடந்திருக்கிறது. இதுவரை சிவக்கவில்லை.

பழைய கம்பியை என்ன செய்வது என்பதுதான் தொல்லையாக இருந்தது. புதருக்குள் எறிந்தால் நாளைக்கு இன்னொரு மாட்டின் காலில் ஏறும். பொறுக்கிச் சுற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டோம். அதில் ஒரு சாண் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. விரிவுரையாளர் இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்களுக்குச் சோதனையைக் காட்ட அதைக் கேட்டிருக்கிறார்.

நேற்று இரவு அப்பா போன் செய்தார். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறதாம். மூன்று காம்பிலேயே போதுமான பால் இருக்கிறதாம். பெரியம்மா சீம்பால் கொடுத்தனுப்பினாராம். பிறகு, எட்டாவது கல்லுக்கும் ஒன்பதாவது கல்லுக்கும் நடுவில் ஒரு கட்டு விட்டுப்போயிருக்கிறது, சனிக்கிழமை வரும்போது அரைக் கிலோ கட்டுக்கம்பி வாங்கி வா, முக்கிப் பார்த்து வாங்கு என்றார்.